முதலில் ஒரு தனிக்கூண்டு

(திருவருகைக் காலம் இரண்டாம் ஞாயிறு, முதல் ஆண்டு. எசா 11:1-10, உரோ 15:4-9, மத் 3:1-12. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய முதல் வாசகம் சிறுபிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வாசகம். ஓநாய், ஆட்டுக்குட்டி, சிறுத்தை, வெள்ளாட்டுக்குட்டி, கன்று, சிங்கம், கரடி, பசு, பாம்பு எல்லாம் ஒரே இடத்தில். நடத்திச் செல்வது ஒரு சின்னப் பையன். பெரியவர்கள் நாம் இதைக் கேட்டுவிட்டு, 'மறுவுலகில் நடக்கலாம், நம்ம வீட்டில் நடக்குமா?' என்று நினைத்துக்கொள்கிறோம். நம் வீட்டில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் இல்லை. மாமியாரும் மருமகளும் இருக்கிறோம், அண்ணனும் தம்பியும் இருக்கிறோம். அதுவே பெரும்பாடாக இருக்கிறது.

இறைவாக்கினர் எசாயா சொல்வதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஓநாய் ஆட்டுக்குட்டியோடு 'தங்கும்' என்று நாம் வாசிக்கும் இடத்தில், எபிரேய மூலத்தில் 'கூர்' என்ற வினைச்சொல் இருக்கிறது. அந்த வேரிலிருந்து வருவதுதான் 'கேர்', அதாவது அந்நியர், பிறர் ஊரில் ஒண்டி வாழ்பவர். அநாதை, கைம்பெண், அந்நியர் என்று இணைச்சட்ட நூல் மூவரையும் சேர்த்துச் சொல்லும்போது வருவதும் இதே சொல்தான். அப்படியானால், ஆட்டுக்குட்டியை ஓநாயின் குகைக்கு யாரும் அனுப்பவில்லை. ஓநாய்தான் ஆட்டுக்குட்டியின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறது. பல்லும் நகமும் உள்ளவர் வெளியே நின்று அனுமதி கேட்கிறார். இன்னும் கொஞ்சம் தள்ளி, சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்னும் என்கிறார். மாடு இறைச்சி தின்னப் பழகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பலமுள்ளதுதான் தன் சாப்பாட்டை மாற்றிக்கொள்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கு இல்லத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு முன் வராந்தாவில் இருக்கும் பெரிய கூண்டு தெரியும். அதில் நான்கு சிறு பறவைகள் இருக்கின்றன. நம் ஊரில் எல்லாரும் 'லவ் பேர்ட்ஸ்' என்போம்; சரியான பெயர் பட்ஜி. எனக்கு முன் இங்கே இருந்த தந்தை வளர்த்தவை. இவ்வாண்டு ஜூன் கடைசியில் இன்னொன்று வந்து சேர்ந்தது. வேலை மாற்றலாகி வெளிமாநிலம் போன ஒரு குடும்பம், பயணத்தில் கொண்டுபோக வழியில்லை என்று, மூன்று மாதக் காக்டெய்ல் கிளி ஒன்றை என்னிடம் விட்டுப்போனார்கள். சாம்பல் நிறம், தலையில் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. பட்ஜியும் காக்டெய்லும் ஆஸ்திரேலிய நாட்டுக் கிளியினங்கள். ஒரே நாட்டுக்காரர்கள்தானே, சேர்ந்துகொள்வார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

நம் பங்கைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, "சாமி, அது தானாகத் தின்னுதா?" என்பதுதான். காக்டெய்ல் குஞ்சு எட்டு முதல் பத்து வாரம் ஆனால்தான் தானாகத் தின்னும். ஆனால் சந்தையில் மூன்று, நான்கு வாரக் குஞ்சுகளையே விற்கிறார்கள். கையால் ஊட்டி வளர்த்தால் நம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஆசை காட்டுகிறார்கள். ஊட்டத் தெரியாதவர் சிரிஞ்சில் ஊட்டும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அல்லது சூடு அதிகமாகி இரைப்பை வெந்துவிடும். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்தால் நம்மிடம் பாசம் கூடும் என்று சொல்லி வியாபாரம் செய்வது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பிறந்தநாள் பரிசாகக் குஞ்சு வாங்கித் தர நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். நன்றாக வளர்த்தால் காக்டெய்ல் பதினைந்து, இருபது ஆண்டு உயிரோடிருக்கும். பையன் கல்லூரி முடித்த பிறகும் கூண்டைக் கழுவ ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பனைமரப் பொந்திலிருந்து எடுத்துவந்த குஞ்சானாலும், கிளி ஜோசியக்காரர் பெட்டியில் இருப்பதானாலும் குற்றம்தான். கீழே விழுந்த குஞ்சு கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நான் பேசுவது தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளரும் வெளிநாட்டு இனங்களைப் பற்றி.

மருத்துவர் அடுத்துச் சொன்னது: புதிய பறவையைப் பழைய பறவைகளின் கண்ணிலேயே காட்டக்கூடாது. வேறு அறை, வேறு கூண்டு, வேறு தண்ணீர்க் கிண்ணம், குறைந்தது முப்பது நாள். நாற்பதானால் இன்னும் நல்லது. கொரோனாக் காலத்தில் நாம் எல்லாரும் படித்துக்கொண்ட 'குவாரண்டைன்' என்ற சொல்லே இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். பறவைகள் நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால், முடியாமல் போகும்வரை நன்றாக இருப்பதுபோலவே நிற்கும். சிட்டகோசிஸ் போன்ற சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும். அதனால் பழைய பறவைகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுப் புதியதிடம் போகவேண்டும். அதற்குப் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

கூண்டும் முக்கியம். அழகுக்காக விற்கும் வட்டக் கூண்டு வேண்டாம். மூலை இல்லாத கூண்டில் பறவைக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டடி உயரமாவது இருக்கவேண்டும். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். உட்காருவதற்கு ஒரே பருமனான பிளாஸ்டிக் குச்சி போடாமல், கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ வெவ்வேறு பருமனில் வெட்டிக் கழுவிக் கட்டலாம். கூண்டின் ஒரு பக்கமாவது சுவரையொட்டி இருக்கட்டும். நாலாபுறமும் ஆள் நடமாடும் கூடத்தின் நடுவில் வைத்தால் அந்தச் சின்ன உயிர் எந்தப் பக்கம் திரும்பிப் பயப்படும்? அடுக்களைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. காய்ந்துபோன நான்-ஸ்டிக் சட்டியிலிருந்து வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்திப் புகை, சாம்பிராணிப் புகையும் அதன் மூச்சுக்கு ஆகாது. (பீடச் சிறுவர்கள் தூபக்கலசத்தோடு வராந்தா வழியே ஓடக்கூடாது என்று நான் சத்தம் போடுவதற்குக் காரணம் இதுதான்.) கூண்டைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் பறவைக்குப் பூனையைவிடப் பெரிய எமன் கூரையில் சுற்றும் விசிறி.

காக்டெய்லுக்கு இன்னொரு குணம் உண்டு. இருட்டில் ஏதாவது சின்னச் சத்தம் கேட்டால் திகிலடைந்து கூண்டுக்குள்ளேயே மோதிச் சிறகை ஒடித்துக்கொள்ளும். அதனால் இரவில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியவிடச் சொன்னார் மருத்துவர்.

இதெல்லாம் நடந்த அந்த நாற்பது நாளில் பங்கு இல்லத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "பாவம் சாமி, தனியாக் கெடக்கு. அந்தக் கூட்டத்துல விட்டுடுங்க, பழகிக்கும்." சொன்னவர்கள் இரக்கத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கூண்டு பட்ஜிகளின் வீடு. எந்தக் கிளை யாருக்கு, எந்தக் கிண்ணத்தில் யார் முதலில் என்பதெல்லாம் அங்கே முன்பே முடிவாகிவிட்டது. காக்டெய்ல் எண்பது, தொண்ணூறு கிராம் இருக்கும். பட்ஜி முப்பது, நாற்பதுதான். ஆனாலும் அடிக்கப்போவது பட்ஜி. காக்டெய்ல் சாதுவான பறவை. பட்ஜி துடுக்கானது, கால்விரலைக் கடிக்கும். யார் பலசாலி என்பதை உருவத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. வீடு யாருடையதோ அவரே அங்கே பலசாலி.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஒரு சகோதரி என்னைப் பார்க்க வந்தார். அவர்களுடைய குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன், யாரென்று தேடவேண்டாம். அவருடைய அக்கா நோயில் இறந்துபோனார். அக்காவின் எட்டு வயது மகளை, வேறு யாரும் இல்லாததால், கோடை விடுமுறையில் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இவருக்குப் பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு மகன்கள். கணவரும் நல்ல மனிதர், தயங்கவே இல்லை. பெரியவன் படிக்கும் மேசையைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். இரவில் அம்மா பக்கத்தில் படுக்கும் இடத்தையும் கொடுத்தார்கள். துக்கத்துக்கு வந்த உறவினர்கள், "இனி இவங்கதான் உனக்கு அம்மா, சித்தின்னு கூப்பிடாதே" என்று சொல்லிப் போனார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை இவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. வேண்டியதைக் கையால் காட்டுகிறாள். பெரியவன் அவளுடைய பள்ளிக்கூடச் செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டான். "சாமி, நான் பெத்த பிள்ளை இப்படிக் கல்நெஞ்சனா? அநாதைப் பிள்ளையிடம் இப்படி நடக்கிறானே" என்று அழுதார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையில் தனியாக இருந்த காக்டெய்லைப் பார்த்து, "இது ஏன் தனியா இருக்கு?" என்றார். மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

பிள்ளையும் பறவையும் ஒன்றல்ல. திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2416 முதல் 2418 வரை, விலங்குகளுக்கு இரக்கம் காட்டவேண்டிய கடமையைச் சொல்கிறது. அதோடு, மனிதருக்கு உரிய அன்பை விலங்குகளுக்குத் திருப்பிவிடக் கூடாது என்றும், மனிதத் துயரைத் தீர்க்கவேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டுவது தகாது என்றும் சொல்கிறது. அதனால் எந்தப் பிள்ளையையும் நாற்பது நாள் தனியறையில் வைக்கச் சொல்ல நான் வரவில்லை. அப்படிச் செய்வது பாவம். தாயை இழந்த பிள்ளைக்கு அணைப்பு வேண்டும், சூடான சோறு வேண்டும், முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆனால் 'பழகிக்கும், விட்டுடுங்க' என்ற அதே அவசரம் இங்கேயும் இருக்கிறது. அந்த அவசரம் யாருக்காக? அவள் 'அம்மா' என்று கூப்பிட்டால் நம் மனம் ஆறும். மூன்று பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுவதைப் பார்த்தால் நாம் செய்த நல்ல காரியம் முடிந்தது என்று நமக்கு நிம்மதி. நம்முடைய நிம்மதிக்காக, எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளையிடம் கடைசியாக எஞ்சியிருக்கும் ஒரு சொல்லையும் கேட்கிறோம். 'அம்மா' என்ற சொல் அவளிடம் ஒருவருக்கு உரியதாக இருந்தது. அவர் கல்லறையில் இருக்கிறார்.

உரோமையருக்கு எழுதும்போது புனித பவுல், கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். கிரேக்கத்தில் அவர் பயன்படுத்தும் சொல் 'ப்ரொஸ்லம்பானோ', தன்னோடு சேர்த்துக்கொள்வது. உரோமைச் சபையில் காய்கறி மட்டும் உண்பவர்களும் எல்லாம் உண்பவர்களும் ஒரே பந்தியில் உட்கார முடியாமல் இருந்தார்கள். அதிகாரம் 14-இன் தொடக்கத்தில் இதே சொல்லைப் பயன்படுத்தி, வலுவற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களுடைய எண்ணங்களைப் பற்றி வாதாடுவதற்காக அல்ல என்கிறார். அதிகாரம் 15-இன் முதல் வரியிலேயே பொறுத்துப்போகும் வேலையை வலிமையுள்ளவர்களிடம் கொடுக்கிறார். எசாயாவின் சிங்கம் வைக்கோல் தின்பதும் இதுவும் ஒன்றுதான்.

இந்தச் சொல் திருத்தூதர் பணிகள் நூலிலும் வருகிறது. கப்பல் உடைந்து 276 பேர் மால்தா தீவில் நனைந்து கரையேறுகிறார்கள். பவுலும் அவர்களில் ஒருவர். மழையும் குளிரும். அந்தத் தீவு மக்கள் தீ மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். யார், எங்கிருந்து, கைதியா அல்லவா என்று எதுவும் கேட்டதாக அங்கே எழுதவில்லை. தீ மூட்டினார்கள், அவ்வளவுதான். வந்தவர்கள் மூன்று மாதம் அந்தத் தீவில் இருந்தார்கள். பிறகு வேறு கப்பல் ஏறிப் போனார்கள்.

திருமுழுக்கு யோவானும் இன்று வழியை ஆயத்தமாக்கச் சொல்கிறார். வருபவருக்கு வழியைச் சீர்செய்யும் வேலை ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு. வருகிறவர் ரோடு போட்டுக்கொண்டே வரவேண்டியதில்லை.

பறவைக்கு வருகிறேன். நாற்பது நாள் முடிந்து மருத்துவர் பார்த்தபின், காக்டெய்லின் கூண்டை வராந்தாவின் ஒரு கோடியில் வைத்தோம், பட்ஜிகளின் கூண்டு மறுகோடியில். ஒன்றையொன்று பார்க்கட்டும், கேட்கட்டும். பட்ஜிகள் முதல் நாள் சத்தத்தை நிறுத்திவிட்டன, இரண்டாம் நாள் இரட்டிப்பாகக் கத்தின. சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினோம். ஆனால் கம்பியோடு கம்பி முட்டும் அளவுக்கு வைக்கக்கூடாது, விரல் போய்விடும். அதன்பிறகு எந்தப் பறவைக்கும் சொந்தமில்லாத மூன்றாவது இடம் வேண்டும். என் அலுவலக அறையில் கதவு, ஜன்னல், விசிறி எல்லாம் அடைத்து நிறுத்திவிட்டு, இரண்டு மூலைகளில் இரண்டு கிண்ணம் வைத்து, கால் மணி நேரம் திறந்துவிட்டோம், யாராவது ஒருவர் கூடவே இருந்தபடி. தீனி வைக்கும்போதும் பேசும்போதும் பழைய பறவைகளுக்குத்தான் முதலில். புதியவனைக் கொஞ்சுகிற மும்முரத்தில் பழையவர்களை மறந்தால், அந்தக் கோபம் புதியவன்மேல்தான் விழும். இன்றைக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஐந்தும் ஒரே அறையில் இருக்கின்றன. அதில் ஒரு பெண் பட்ஜிக்கு இன்னும் ஆகவில்லை. அதனால் இரவில் இரண்டு கூண்டுதான். பக்கத்துப் பக்கத்துக் கூண்டிலேயே கடைசிவரை வாழும் பறவைகள் உண்டு என்றார் மருத்துவர். அதில் குறையொன்றும் இல்லை.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. உறவினர்களுக்குப் போன் செய்து, "அவள் சித்தி என்றே கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் சொன்னார்கள். கூடத்தின் ஒரு மூலையில் பழைய சேலையால் ஒரு திரை கட்டி, அவளுடைய டிரங்குப் பெட்டியை அங்கே வைத்தார்கள். அதில் அவளுடைய அம்மாவின் சேலை ஒன்று இருக்கிறது. அவளைத் தவிர யாரும் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை என்று மூன்று பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னார்கள். இரவில் விளக்கு எரிகிறது. எரிந்தால் தூங்குவாள் என்று அவளைக் கேட்டபிறகுதான் தெரிந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை. மேசை பெரியவனுக்குத் திரும்பக் கிடைத்தது. அவளுக்கு வேறொன்று வாங்கினார்கள், சிறியது. ஒவ்வொரு நாளும் இரவு உணவுக்குப்பின் அவனோடு மட்டும் கால் மணி நேரம் அவனுடைய அப்பா உட்காருகிறார். செருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அது வாசலில் தன் ஜோடியோடு இருந்தது.

காலாண்டு விடுமுறையில் மூவரையும் கடற்கரையோரம் இருக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அது அவனுடைய வீடும் அல்ல, அவளுடைய வீடும் அல்ல. பாட்டி இருவரையும் ஒரே மாதிரி திட்டுவாராம். திரும்பி வரும்போது இருவர் கையிலும் ஒரே பாட்டிலில் சிப்பிகள்; யாருடையது என்று பேருந்திலேயே சண்டை. அந்தச் சண்டையைச் சொல்லும்போது அந்தத் தாய் சிரித்தார். அதுவரை அவர்களுக்குள் சண்டை போடும் அளவுக்குக்கூடப் பேச்சு இருந்ததில்லை.

இன்னும் அந்தப் பிள்ளை சில நாள்களில் திரைக்குள்ளேயே இருந்துவிடுகிறாள். தாய் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் வருகிறது, லேசாக இருக்காது. புதுத்துணி மூவருக்கும் ஒரே நிறத்தில் எடுக்கலாமா என்று சென்ற வாரம் அந்தச் சகோதரி என்னைக் கேட்டார். அவளையே கேளுங்கள் என்றேன்.

இவ்வாண்டில் ஒரு பிள்ளையையோ, வயதான பெற்றோரையோ, கணவரை இழந்து திரும்பிய மகளையோ வீட்டில் ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் நம் பங்கில் உண்டு, இந்த மறையுரையைக் கேட்கிறவர்களிலும் உண்டு. இன்றைய நம்பிக்கையாளர் மன்றாட்டில், பெயர் சொல்லாமல், அந்த வீடுகளில் ஏற்கெனவே இருந்தவர்களுக்காகவும் புதிதாக வந்தவர்களுக்காகவும் தனித்தனியே மன்றாடுவோம். ஆமென்.